எரியவிட்டுப் பாரு, அப்புறம் துணியை வெட்டு

தங்கச்சி, நேத்து நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்கு அதே நினைப்புதான். செம்பூர் வீட்டு ஹால் மூலையில நிக்கற விளக்கோட ஷேட் பழுப்பேறி ஓரம் பிரிஞ்சு தொங்குது, பங்கார்காரர் வந்தா போட்டுடப் போறேன்னு சொன்னே. போடாதே. அவர் அதை இரும்பு விலைக்கு எடை போடுவார். கால் கிலோ தேறுமா? தாராவி பதிமூணாம் கம்பவுண்டுல ஏதாவது ஒரு குவியல்ல போய்ச் சேரும். நீ கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொண்ணு வாங்குவே. அதுவும் நாலு மழைக்காலம் பார்த்ததும் இதே நிலைக்குத்தான் வரும்.

ஷேடுல சீக்கிரம் கெடறது துணிதான். கம்பிக்கூடு லேசுல கெடாது. என் கட்டில் பக்கத்துல இருக்கற விளக்கு சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்ல வாங்கினது. அதுக்கு இதுவரைக்கும் மூணு தடவை துணி மாத்திட்டேன், கூடு அதேதான். காயவிடற நேரம் போக, ஒரு ஞாயித்துக்கிழமை போதும் இந்த வேலைக்கு. ஆனா கத்திரியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணை மனசுல வெச்சுக்கோ, மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. ஷேடுக்குத் துணியைப் பகல் வெளிச்சத்துல பார்த்து எடுக்கக் கூடாது. பின்னாடி விளக்கு எரியும்போது அது எப்படித் தெரியுதுன்னு பார்த்துத்தான் எடுக்கணும். துணி மட்டும் இல்லை, தையல், மடிப்பு, பசை எல்லாத்துக்கும் இதே பரீட்சைதான்.

தீபாவளிக்கு முன்னாடி மாஹிம்ல கந்தில் கல்லி வழியா நாம நடப்போமே, ஞாபகம் இருக்கா? எந்தக் கடையிலயாவது கந்திலைச் சும்மா மடிச்சு அடுக்கி வெச்சு விக்கறாங்களா? ஒவ்வொண்ணுக்குள்ளயும் பல்பு போட்டுத் தொங்க விட்டிருப்பாங்க. எரியாத கந்தில் வெறும் காகிதம். ஷேடும் அப்படித்தான்.

முதல்ல கூட்டைப் பாரு

பிளக்கைப் பிடுங்கிட்டு, பல்பைக் கழட்டிட்டு, ஷேடைத் தனியா எடுத்து வெளிச்சத்துல பிடி. ஷேட் ரெண்டு ஜாதி. ஒண்ணுல மேல் வளையம், கீழ் வளையம், ரெண்டையும் இணைக்கற கால் கம்பிகள் எல்லாம் இருக்கும். துணியை உரிச்சாலும் கூண்டு மாதிரி தானா நிக்கும். பழைய விளக்குல எல்லாம் இதுதான். இன்னொண்ணு இப்போ கடையில விக்கற உருளை ஷேட். இதுல மேல ஒரு வளையம், கீழ ஒரு வளையம், அவ்வளவுதான். நடுவுல தாங்கறது துணிக்கு உள்ளே ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட். அந்த ஷீட்டை உரிச்ச நிமிஷம் உன் கையில ரெண்டு வளையல்தான் இருக்கும், உயரம் எவ்வளவு இருந்துச்சுன்னு எங்க தேடினாலும் கிடைக்காது. அதனால உரிக்கறதுக்கு முன்னாடி மேல் விட்டம், கீழ் விட்டம், உயரம் மூணையும் எழுதி வெச்சுக்கோ. ஹோல்டர்ல மாட்டற சின்ன வளையம் எந்தப் பக்கம் இருக்கு, எவ்வளவு உள்ளே இறங்கியிருக்குன்னு போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கோ. தலைகீழா மாட்டிட்டா பல்பு வெளியே எட்டிப் பார்க்கும்.

உரிக்கும்போது ஆத்திரத்துல கிழிச்சுப் போடாதே. பழைய பிளேடால ஒட்டுன இடத்தை மட்டும் மெதுவா பிரிச்சு, துணியை முழுசா எடு. தையல்காரர்கிட்ட போனா முதல்ல என்ன கேட்பார்? அளவு ஜாக்கெட் கொண்டு வந்தியாம்மான்னுதானே. அந்தப் பழைய துணிதான் உன் ஷேடுக்கு அளவு ஜாக்கெட். அதை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி, பேப்பர் மேல வெச்சு ஓரமா வரைஞ்சா அளவு முடிஞ்சுது. கணக்கே வேண்டாம்.

பழசு நைஞ்சு தூளாப் போச்சுன்னா மட்டும் கணக்கு. நேர் உருளைக்கு ரொம்ப எளிது. விட்டத்தை 3.14-ஆல பெருக்கு. 30 செ.மீ. விட்டம்னா 94 செ.மீ. சுத்தளவு. மேல ஒண்ணு ஏற 2 செ.மீ. சேர்த்து 96 வெட்டிக்கோ. உயரத்துக்கு மேலயும் கீழயும் 2 செ.மீ. மடிப்பு விடு. 44 இஞ்ச் அகலத் துணி அரை மீட்டர் வாங்கினாலே மிச்சம் ஆகும்.

மேல குறுகிக் கீழ விரியற ஷேடுக்குத் துணி நேராக வராது, விசிறி மாதிரி வளைஞ்சு வரும். இதுலதான் நிறைய பேர் துணியைப் பாழாக்கறாங்க. சுலபமான வழி, ரெண்டு நியூஸ்பேப்பரை ஒட்டிக் கீழே விரிச்சு, ஷேடை ஒரு கால் கம்பி தரையைத் தொடற மாதிரி படுக்க வெச்சு, அந்தக் கம்பியில ஒரு நூல் கட்டி அடையாளம் பண்ணிட்டு மெதுவா உருட்டணும். உருள உருள மேல் வளையம் போற தடத்தையும் கீழ் வளையம் போற தடத்தையும் பென்சில்ல வரைஞ்சுக்கிட்டே வா. நூல் கட்டின கம்பி மறுபடி தரைக்கு வந்ததும் நிறுத்து. ஒருத்தர் உருட்டணும், ஒருத்தர் வரையணும். மதினியைக் கூப்பிட்டுக்கோ.

உனக்குக் கணக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிடறேன். நாம முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல்ல படிச்ச வட்டக் கணக்குதான். கீழ் விட்டத்தைச் சாய்வு உயரத்தால பெருக்கி, ரெண்டு விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்தா வெளி வளைவோட ஆரம் வரும். கீழே 30, மேலே 20, சாய்வு உயரம் 20 செ.மீ.ன்னு வெச்சுக்கோ. 30-ஐ 20-ஆல பெருக்கினா 600, வித்தியாசம் 10, வகுத்தா 60. அதுல சாய்வு உயரம் 20 போக 40, அது உள் வளைவு. பேப்பரோட ஒரு மூலையில குண்டூசி குத்தி, நூல் கட்டி, 60-க்கு ஒரு வளைவு, 40-க்கு ஒரு வளைவு போடு. இந்த அளவுக்குச் சரியா கால் வட்டம் வரும், நடுவுல இருக்கற பட்டைதான் உன் துணி. வேற அளவுன்னா வெளி வளைவுல சுத்தளவு வர்ற வரைக்கும் டேப் வெச்சு அளந்து வெட்டிக்கோ. வெட்டற எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூட விட மறக்காதே.

துணி

இதுலதான் எனக்கு நிறைய சொல்ல இருக்கு.

மங்கள்தாஸ் மார்க்கெட் போனா, ஆயிரம் துணி தொங்கும், எல்லாமே அழகா இருக்கும். கடைக்காரர் ட்யூப் லைட் அடியில விரிச்சுக் காட்டுவார். உடனே பணம் எடுக்காதே. துணியோட ஒரு முனையைத் தூக்கி, பின்னாடி உன் போன் டார்ச்சைப் பிடி. அஞ்சு விரக்கடை தள்ளிப் பிடி, ஒட்டிப் பிடிச்சா ஒண்ணும் தெரியாது. கரும்பச்சை, கருநீலம் எல்லாம் அப்படியே செத்துப் போயிடும், வெளிச்சம் மேலயும் கீழயும் மட்டும் கொட்டும். சிவப்பு அறை முழுக்கச் சிவப்பாக்கும். இளம்பச்சை இருக்கே, சோறு போட உட்கார்ந்தா எல்லார் முகமும் காய்ச்சல்காரர் மாதிரி தெரியும். சந்தன நிறம், பழுப்பு வெள்ளை, இளமஞ்சள், வெளிர் ரோஸ், இதெல்லாம் வெளிச்சத்துல உயிர் பெறும். அச்சடிச்ச பூத்துணின்னா பூ மட்டும் கறுப்பு நிழலாத் தெரியும். அது உனக்குப் பிடிச்சா எடு, ஆனா தெரிஞ்சு எடு.

மதுரைச் சுங்குடி இந்த வேலைக்குன்னே பிறந்த மாதிரி. 2005-ல புவிசார் குறியீடு கிடைச்ச துணி. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தறதால, முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியா நிக்கும். விளக்கு எரிஞ்சா அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் தனியாப் பளிச்சுனு வரும். அம்மாவோட அரக்குச் சுங்குடியைப் பின்னாடி விளக்கு வெச்சு ஒரு தடவை பார்த்துட்டு என்னால பேச முடியலை. இப்போ விக்கறதுல நிறைய அச்சுதான், பரவாயில்லை, அதுலயும் புள்ளி தெரியும். அழுத்தமா நெய்த செட்டிநாட்டுக் கண்டாங்கி சேலைக்கு அழகு, ஷேடுக்குக் கனம். கட்டம் வெளிச்சத்தை விடாது. மெல்லிசு கண்டாங்கி கிடைச்சா பாரு.

சரிகைக் கரை வெச்ச வேட்டி, கேரளா முண்டு எல்லாம் எடுக்கலாம். ஆனா சரிகை வழியா வெளிச்சம் வராது. பகல்ல தங்கக் கோடா இருக்கறது ராத்திரி கறுப்புக் கோடா மாறும். அதனால கரையைக் கீழ் வளையத்தை ஒட்டி வர்ற மாதிரி வை, நடுவுல ஓட விடாதே. பட்டுத் துணி வேண்டாம்னுதான் சொல்வேன். வெளிச்சமும் சூடும் பட்டுப் பட்டுப் பட்டு நூல் சீக்கிரம் இத்துப் போகும். கிழிஞ்ச பட்டுச் சேலையை மிச்சப்படுத்த வேற வழி இருக்கு.

துணி வாங்கக் கடைக்கே போகணும்னு இல்லை. நவராத்திரிக்கு மாட்டுங்காவுல வீடு வீடாக் கொலுவுக்குப் போய் வந்தா, தாம்பூலத்தோட வெச்சுக் கொடுத்த பிளவுஸ் பிட் எத்தனை சேரும்? தைக்காம, யாருக்கும் கொடுக்காம பீரோ அடியில கிடக்கும். முழு அகலம் உள்ள பிட் ஒண்ணு 30 செ.மீ. ஷேடுக்குத் தாராளம். ஆனா அதுல பாதி பாலியஸ்டர் கலந்தது. ஓரத்துல ஒரு நூலை உருவி, தீக்குச்சி காட்டிப் பாரு. பருத்தின்னா காகிதம் எரியற வாசனை வந்து சாம்பலாப் போகும். பாலியஸ்டர்னா உருகிக் கறுப்பு மணியாச் சுருளும். உருகற துணியை பல்புக்குப் பக்கத்துல வைக்காதே.

எந்தப் பருத்தியா இருந்தாலும் முதல்ல பச்சைத் தண்ணியில நனைச்சு, காயவெச்சு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுட்டு அப்புறம் வெட்டு. சுருங்கறது இப்பவே சுருங்கட்டும். கஞ்சி மட்டும் போடாதே. மொடமொடன்னு நிக்கும், தைக்கச் சுகமா இருக்கும், ஆனா மும்பையில கஞ்சி வாசனைக்குக் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வீடு தேடி வரும். மைதாப் பசையும் அதே காரணத்துக்காக வேண்டாம். அந்தக் காலத்துல புத்தகம் பைண்ட் பண்றவங்க பூச்சிக்கு மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், குழந்தை இருக்கற வீட்டுல தொடவே தொடாதே.

துரு

கூட்டைக் கழுவாதே. கடைக்குப் போய் ரெக்மால்னு கேளு, நம்ம உப்புத்தாள்தான், 120 நம்பர் ஒண்ணு போதும். துரு எல்லாம் போய்க் கம்பி மினுங்கற வரைக்கும் தேய். பால்கனியில பேப்பர் விரிச்சு, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அது காய்ஞ்சதும் வெள்ளை எனாமல் ஒரு கோட். ஏன் வெள்ளைன்னா, கறுப்புக் கம்பி எரியும்போது ஜெயில் கம்பி மாதிரி துணியில நிழல் விழும், வெள்ளையில அவ்வளவு தெரியாது. ஒரு முழு நாள் காயவிடு. இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டுடாதே. நான் முதல் தடவை விட்டேன். ஜூலை மழையில கம்பி வேர்த்து, ஆகஸ்ட்டுக்குள்ள துணியில நாலு ஆரஞ்சுக் கோடு இறங்கிடுச்சு. துருக் கறை போகவே போகாது.

கால் கம்பி இருக்கற கூட்டுக்கு

இதுதான் எனக்குப் பிடிச்ச ஜாதி. பசையே இல்லாம தைச்சு முடிக்கலாம், அழுக்கானா மெதுவா அலசியும் எடுக்கலாம்.

கம்பியில துணியை நேரா தைக்க முடியாது, வழுக்கும். அதனால முதல்ல ரெண்டு வளையத்துக்கும் அரை இஞ்ச் பருத்தி நாடா சுத்தணும். கூடவே, துணியோட இணைப்பு வரப்போற கால் கம்பி ரெண்டுக்கும். சாய்வாச் சுத்தி, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதி ஏறணும். கம்பி நீளத்துல ரெண்டரை மடங்கு நாடா வேணும். மேலே சொன்ன 30-க்கு 20 ஷேடுன்னா வளையம் ரெண்டும் 157 செ.மீ., கால் ரெண்டும் 40, மொத்தம் 197. 5 மீட்டர் நாடா வாங்கிக்கோ. சுத்தி முடிச்சதும் கட்டைவிரலால திருகிப் பாரு. நாடா கம்பி மேல சுழன்றா மறுபடி பிரிச்சு இறுக்கமாச் சுத்து. இது தளர்ந்தா மேல போடற துணி என்ன பண்ணினாலும் தொய்யும்.

துணியைக் கிராஸா வெட்டு. பைப்பிங்குக்கு வெட்டற மாதிரி, நூல் ஓட்டத்துக்குக் குறுக்கு மூலையா. கிராஸ்ல வெட்டினா துணி இழுத்துக் கொடுக்கும், வளைவுல சுருக்கம் விழாது. கட்டம், கோடு இருக்கற துணின்னா மட்டும் யோசிச்சுப் பண்ணு, கோடெல்லாம் சாய்ஞ்சு போகும். கிராஸ்ல வெட்டத் துணி கூடத் தேவைப்படும். ஷேடைப் பாதி பாதியா ரெண்டு துண்டாப் போட்டா சமாளிக்கலாம், இணைப்பு ரெண்டும் நாடா சுத்தின கால் கம்பி மேல வரணும்.

குண்டூசி குத்தும்போது ஒரு பக்கமா ஆரம்பிச்சு வரிசையாப் போகாதே. ஊர்ல நாடாக் கட்டில் பின்னும்போது தாத்தா எதிரெதிர் பக்கமா இழுத்து இறுக்குவாரே, அதே மாதிரி. மேல ஒரு ஊசி, நேர் கீழ ஒரு ஊசி. இடது ஒண்ணு, வலது ஒண்ணு. நடுவுல சுருக்கம் தெரியற இடத்துல ஊசியைப் பிடுங்கி இழுத்து மறுபடி குத்து. மத்தளத்துத் தோல் மாதிரி டம்முனு நிக்கணும். நின்னதும், ஹோல்டர்ல மாட்டி ஒரு தடவை எரியவிட்டுப் பாரு. தைக்கறதுக்கு முன்னாடி பார்க்கறது முக்கியம். எங்க துணி கூட மடிஞ்சிருக்கு, எங்க நூல் பிசிறு நிழலாத் தெரியுது, எல்லாம் அப்போ புரியும். அதைச் சரி பண்ணிட்டு, ரெட்டை நூல்ல, வளையத்தைச் சுத்தின நாடாவுல ஊசி ஏத்தி இறக்கி நெருக்கமாத் தை. மிச்சத் துணியை அரை செ.மீ. விட்டு ஒரே சீரா வெட்டு. கோணல்மாணலா வெட்டினா அந்தக் கோணலே நிழலா விழும்.

துணி மெல்லிசா இருந்து பல்பு உருண்டையாத் தெரிஞ்சா, உள்பக்கம் மல்மல் துணி லைனிங் கொடு. வெள்ளை லைனிங் வெளிச்சத்தைத் திருப்பி அறைக்குள்ள அனுப்பும். நிறத் துணிக்கு உள்ளே வெள்ளை லைனிங் போட்டாலே விளக்கு ஒரு படி பிரகாசமாகும். கால் கம்பியையும் அது மறைச்சுடும்.

விளிம்புல தையல் தெரியற இடத்துக்குப் பைப்பிங்கோ லேஸோ. மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் மேட்சிங் சென்டருக்குத் துணித் துண்டை எடுத்துட்டுப் போனா, ஜாக்கெட்டுக்குப் பார்க்கற மாதிரியே நிறம் பார்த்துக் கொடுப்பாங்க. குஞ்சம், மணி எல்லாம் வேண்டாம். தூசு தங்கும், செம்பூர் தூசு பத்தி உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

வளையம் மட்டும் இருக்கற உருளைக்கு

உன்னுது இதுதான்னு நினைக்கறேன். பழைய பிளாஸ்டிக் ஷீட் உடையாம, பழுப்பேறாம இருந்தா துடைச்சு அதையே வெச்சுக்கோ. மடக்கும்போது நொறுங்கினா தூக்கிப் போடு.

அதுக்குப் பதிலா என்னன்னு நான் ரொம்ப நாள் தவிச்சேன். விடை நம்ம வீட்டுலயே இருந்துச்சு. அப்பா 90 அடி ரோடு பக்கத்து ஷர்ட் பட்டறையில கட்டிங் பண்ணும்போது காலருக்கு வைக்கற பக்ரம் துண்டு கொண்டு வருவாரே, அதுல நாம பொம்மை வீடு கட்டுவோமே, அதுதான். இஸ்திரிச் சூட்டுல ஒட்டற பக்ரம்னு கேளு. ஒரு பக்கம் பொடிப்பொடியாப் பசை மினுங்கும். தாராவியில பட்டறைக்காரங்க வாங்கற சாமான் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். ரெண்டு அடுக்கு ஒட்டினா 20, 22 செ.மீ. உயர ஷேடு தானா நிக்கும். அதை விட உயரம்னா ஸ்டேஷனரி கடையில கனமான ஐவரி ஷீட் வாங்கு.

ஒட்டும்போது பக்ரமோட மினுங்கற பக்கம் துணியோட பின்பக்கத்தைப் பார்க்கணும். மேல ஈரத் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடு, அழுத்தி எடு. தேய்ச்சா துணி நகர்ந்து அலை அலையா ஒட்டும். ஆறினப்புறம் தூக்கு. பசையை விட இது ஏன் மேல்னு கேட்டா, ஃபெவிகால் தடவி ஒட்டின துணி பகல்ல குத்தம் சொல்ல முடியாம இருக்கும். ராத்திரி விளக்குப் போட்டா, பசை கூடின இடம் குறைஞ்ச இடம் எல்லாம் தேமல் மாதிரி திட்டுத் திட்டாத் தெரியும். நடுத்துணியில பசையே படக் கூடாது. ஷீட் வெச்சே ஆகணும்னா, அகலமான ரெட்டைப் பக்க டேப்பை மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் மட்டும் ஒட்டித் துணியை இழுத்துப் பதிச்சுக்கோ.

ஃபெவிகால் எம்ஆர் வேணும், ஆனா வளையத்துக்கு மட்டும். பக்ரம் ஒட்டின துணியைச் சுருட்டி, இணைப்புல 2 செ.மீ. ஏத்தி ஒட்டி, மேல ஒரு ஸ்கேல் வெச்சுத் துணி கிளிப்பால கவ்வி விடு. ஒரு மணி நேரம் கழிச்சு மேல் வளையத்தை உள்ளே வெச்சு, மடிப்புத் துணியை அதுக்கு மேல சுருட்டி உள்பக்கமாத் திணிச்சு ஒட்டு. பழைய ஏடிஎம் கார்டு முனை திணிக்க ரொம்ப உதவும். ரெண்டு விரக்கடைக்கு ஒரு கிளிப். கீழ் வளையமும் அதே மாதிரி. மழைக்காலத்துல பசை ராத்திரி முழுக்கக் காயணும், அவசரப்படாதே. முடிஞ்சா அக்டோபர் வெயில் வரைக்கும் பொறு. அந்தப் புழுக்கத்துக்குன்னு இருக்கற ஒரே நல்லது இதுதான், எல்லாம் அன்னிக்கே காயும், உள்ளே பூஞ்சை பிடிக்காது.

இணைப்பு எப்பவும் சுவர்ப் பக்கம். அந்த 2 செ.மீ. எரியும்போது கோடாத் தெரியத்தான் செய்யும்.

பல்பும் ஹோல்டரும்

உன் பழைய ஷேடு பழுப்பானது துணியோட குத்தம் இல்லை. முன்னாடி அதுல 60 வாட் குண்டு பல்பு எரிஞ்சுது. குண்டு பல்பு தின்னற மின்சாரத்துல பத்துல ஒரு பங்கு கூட வெளிச்சமாகாது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூடு தினமும் துணியை வாட்டிச்சு. 2015-ல உஜாலா திட்டம் வந்து எல்இடி விலை இறங்கினதுல இருந்து இந்தத் தொல்லை போச்சு. 9 வாட் எல்இடி அதே வெளிச்சம் கொடுக்கும். இந்த மாதிரித் துணி, பக்ரம், காகிதம் வெச்சுச் செய்யற ஷேடுல எல்இடியைத் தவிர வேற எதையும் போடாதே. உள்வளையத்துல பேனாவால எழுதியே வை, வீட்டுல வேற யாராவது மாத்திடுவாங்க. எல்இடியும் அடியில சூடாகும், அதனால ஷேடோட மேல்வாயைத் துணியால மூடாதே. பல்புக்கும் துணிக்கும் நடுவுல நாலு விரலாவது இடம் இருக்கட்டும்.

வாம் ஒயிட், அட்டையில 2700 இல்லைன்னா 3000 கே-ன்னு போட்டிருக்கும், அதை வாங்கு. 6500 போட்டா சந்தனத் துணியும் சாம்பல் நிறமாப் போகும். இன்னொண்ணு, பாதி வெள்ளைக் குமிழ் பாதி பிளாஸ்டிக் உடம்புன்னு இருக்கற எல்இடி மேல் நோக்கித்தான் அடிக்கும். விளக்குல நிமிர்த்தி மாட்டினா வெளிச்சம் எல்லாம் சீலிங்குக்குப் போகும், ஷேடோட கீழ்ப்பாதி இருட்டா நிக்கும். கண்ணாடிக்குமிழ் முழுசாப் பால் வெள்ளையா இருக்கற ஃபிலமென்ட் எல்இடி சுத்திச் சமமா வெளிச்சம் தரும்.

டென்மார்க்ல பவுல் ஹென்னிங்சன்னு ஒருத்தர், 1925 பாரிஸ் கண்காட்சியில விளக்கு வெச்சுப் பேர் வாங்கினவர். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணைக் குத்தக் கூடாதுங்கறதுக்காகவே வாழ்நாள் முழுக்க ஷேட் ஷேடா வரைஞ்சார். நீயும் சோபாவுல உட்கார்ந்து பாரு. ஷேடோட கீழ் விளிம்பு உன் கண்மட்டத்துல இருக்கணும். மேல இருந்தா பல்பு கூசும்.

ஹோல்டர் பத்தி உங்க அத்தான் சொல்லச் சொன்னது: 230 வோல்ட் வீட்டு லைன், விளையாட்டு இல்லை. பழைய பேக்கலைட் ஹோல்டர்ல விரிசல் இருந்தாலோ, உள்ளே இருக்கற ரெண்டு முனையும் அழுத்தினா திரும்பி எழும்பலைன்னாலோ, ஒயர் மேல்தோல் மொடமொடன்னு ஆகியிருந்தாலோ ஹோல்டரும் ஒயரும் புதுசு போட்டுடு. லோஹார் சால்ல எல்லாம் கிடைக்கும். ஸ்டாண்டு பித்தளை, இரும்புன்னா மூணு பின் பிளக், எர்த் ஒயர் கட்டாயம். வெளிநாட்டுல இருந்து வந்த விளக்குன்னா திருகு பல்பு ஹோல்டரா இருக்கும், அதோட ஷேட் வளையம் ஏறக்குறைய 4 செ.மீ. அகலம். நம்ம பின் ஹோல்டருக்கு வளையம் 3 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. வளையம் பெருசா இருந்தா ஷேட் ஆடும், நடுவுல ஒரு வாஷர் போடச் சொல்லு. ஸ்டாண்டே உடைஞ்சு போன விளக்குன்னா கும்பார்வாடாவுல ஒரு மண் ஜாடி சொல்லி வை. ஒயர் போற ஓட்டையைச் சூளையில வைக்கறதுக்கு முன்னாடியே போட்டுத் தரச் சொல்லு. சுட்டப்புறம் துளைச்சா விரியும்.

முடிச்சப்புறம் வாரம் ஒரு தடவை காய்ஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால மேல இருந்து கீழ தட்டு. ஈரத் துணி வேண்டாம், தூசு சேறாகி உள்ளே இறங்கும். தைச்ச ஷேடை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை பூந்திக்கொட்டைத் தண்ணியில முக்கி எடுத்து, ஃபேன் அடியில சட்டுனு காயவை.

மங்கள்தாஸ் ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும், மட்டன் ஸ்ட்ரீட் கடைங்க வெள்ளிக்கிழமை. ஆனா உனக்கு இந்தத் தடவை ரெண்டு இடத்துக்கும் போக வேண்டியதில்லை. அப்பாவோட எட்டு முழ வேட்டி ஒண்ணு என் பீரோவுல இருக்கு, மெல்லிசு, மயில்கழுத்து நிறத்துல விரல் அகலக் கரை. நேத்து ராத்திரி பின்னாடி விளக்கு வெச்சுப் பார்த்துட்டேன், நல்லா இருக்கு. துவைச்சுக் காயப் போட்டிருக்கேன், பக்ரமும் வாங்கி வெச்சிடறேன். சனிக்கிழமை லேபர் கேம்ப்புக்கு வரும்போது அளவு எழுதிக்கிட்டு, ஷேடை உரிக்காம அப்படியே கொண்டு வா.